கட்டைவிரல்

அன்றைக்குக் கல் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்தான். கல் அறுக்கிற மூத்தவன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த அவன் பெண்டாட்டி. எல்லாரும் ‘விரல்’ என்று கூப்பிடுகிற அவன் தம்பி. பழைய அறுப்பு மெஷினை விற்க வந்த மெஷின்காரர். கல் சுமக்கிறவன், பட்டப்பேர் பொட்டலம். இந்த ஐந்து பேரில் மூன்று பேர் சும்மா நின்றவர்கள். மூன்றில் ஒருத்தர் குறுக்கே விழுந்திருந்தாலும் நடந்தது நடந்திருக்காது.

கொட்டகை என்றால் நாலு இரும்புத் தூண், மேலே தகரம். பகல் ஏற ஏறத் தகரம் முறுக்கிக்கொண்டு படபடவென்று சத்தம் போடும். சமையல் மேடைக்கும் வாசல்படிக்கும் கல் அறுத்து, ஓரம் தேய்த்து, பளபளப்பு ஏற்றிக் கொடுப்பது தொழில். அறுக்கிற சக்கரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கவேண்டும். தண்ணீரும் கல்மாவும் கலந்து சாம்பல் நிறச் சேறாகக் கணுக்கால்வரை கிடக்கும். மூத்தவன் பதினெட்டு வருஷமாக அந்தச் சேற்றில் நிற்கிறான். கறை எடுக்க ஆசிட் ஊற்றித் தேய்க்கிறதும் அவன்தான். பத்து விரலிலும் ரேகை போய், நுனியெல்லாம் புளியங்கொட்டை மாதிரி வழவழத்துவிட்டது.

அது தெரியவந்தது போன் வாங்கிய அன்றைக்கு. கடைக்காரப் பையன் இவன் விரலைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துவிட்டு, “அண்ணே, உங்க கையில விரலே இல்லண்ணே” என்று சிரித்தான். மூத்தவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற தம்பியின் கையைப் பிடித்து இழுத்தான். “இவனோடதைப் போடு. இவன் என் கூடத்தான் இருப்பான்.”

தம்பிக்கு ரேகை மிச்சமிருந்ததற்கும் மூத்தவன்தான் காரணம். சின்னவனைச் சக்கரத்துப் பக்கமோ ஆசிட் பக்கமோ அவன் விட்டதே இல்லை. “நான் ஒருத்தன் கெட்டது போதும். நீ அளவெடு, கோடு போடு. ஓரம் சரியா இருக்கான்னு தடவிப் பாத்துச் சொல்லு.” தம்பி கட்டைவிரலை ஓரத்தில் ஒருமுறை ஓட்டினால் போதும், முடி அளவு மேடு இருந்தாலும் சொல்லிவிடுவான். அந்த வட்டாரத்தில் அதற்கே அவனுக்குப் பேர்.

போன் வந்த பிறகு அவனுக்கு இரண்டாவது வேலையும் வந்தது. மூத்தவன் கை எந்நேரமும் ஈரம், சேறு. நம்பரை அழுத்தினால் போனுக்குப் புரியாது. கொட்டகையின் ஒரு மூலையிலிருந்து, “விரலு!” என்று கத்துவான். தம்பி அளவு நாடாவைப் போட்டுவிட்டு ஓடிவருவான். கட்டைவிரலைச் சட்டைக்குள் விட்டுத் துடைத்து நீட்டுவான். நீட்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். அண்ணன் போனை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று அவனுக்கு நினைப்பு. போனைத் திறக்க ஒரு விரல். சக்கரமோ பாலிஷ் தூளோ வாங்கினால், பணம் போக இன்னொரு விரல். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது வைப்பான். எதற்கு வைத்தோம் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கிரெடிட் கார்டு மூத்தவன் பெண்டாட்டி பேரில் இருந்தது. கல் கொட்டகைக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. சலவைக்கூடத்தில் உண்டு. அவள் கையெழுத்தில், அவள் சம்பளத்தைக் காட்டி வாங்கிய கார்டு. வந்த அன்றைக்கே மூத்தவன் அதன் எண்ணைப் போனில் ஏற்றிவிட்டான்.

“ஏங்க, எங்க சூப்பர்வைசரம்மா சொன்னாங்க. கார்டு நம்பரைப் போன்ல விட்டு வைக்கக்கூடாதாம். வாங்கற அன்னைக்குப் போட்டு, வாங்கினதும் அழிச்சிடணுமாம்.”

“உங்க சூப்பர்வைசரைத் துணி துவைக்கச் சொல்லு. என் தம்பி விரல் இல்லாம என் போனுக்குள்ள ஒரு கொசு நுழையாது.”

“மாசாமாசம் கணக்கு வருமே, அதையாவது…”

“நான் கட்டறேன். உனக்கென்ன?”

கட்டினான். பாங்கு ஜன்னலில் போய், குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்டு, அதை மட்டும் கட்டிவிட்டு வருவான். பாங்கிலிருந்து வரும் மெசேஜ்களை, போன் நிறைந்துவிடுகிறது என்று மொத்தமாக அழித்துவிடுவான்.

அன்றைக்குக் காரியம் இதுதான். இத்தனை நாளாகப் பெரிய பலகைக் கற்களை அறுக்க, பெரிய பட்டறைக்காரனிடம் போய் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து நிற்கவேண்டியிருந்தது. பட்டறைக்காரன் அந்த வாடகையையும் நிறுத்திவிட்டான். “ரெண்டு பேரும் எங்கிட்டக் கூலிக்கு வந்துடுங்க, எதுக்கு வீண் கவுரவம்?” என்று பல் தெரியச் சொன்னான். சொந்த மெஷின் வந்தால் கொட்டகை நிற்கும். வராவிட்டால் அடுத்த மாதம் இரண்டு பேரும் பட்டறைக்காரன் வாசலில் நிற்கவேண்டும். முன்பணத்தைக் கார்டில் தேய்க்க ஒப்புக்கொண்டு மெஷின்காரர் வந்திருந்தார். நாலு மணிவரை டைம். அதற்குமேல் வேறு ஆள் தயாராக இருந்தார். கார்டுக்காரி நேரில் வேண்டும் என்றதால் அவளும் வந்திருந்தாள். கையில் இன்னும் சலவைச் சோப்பு வாசனை.

பொட்டலம் எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தான். “மெஷின் வந்தா எனக்குச் சம்பளம் ஏறுமா, இல்ல கல்லு மட்டுந்தான் ஏறுமா?”

“உனக்குத் தொப்பை ஏறும்,” என்றான் மூத்தவன். அன்றைக்கு அவன் சிரித்த ஒரே சிரிப்பு அது.

மெஷின்காரர் பையிலிருந்து கருவியை எடுத்துக் கார்டைத் தேய்த்தார். கருவி ஒரு கூவல் கூவியது. மறுபடி தேய்த்தார். மறுபடி கூவியது.

“லிமிட் இல்லைன்னு வருதுங்க.”

“நல்லாத் தேய்ங்க. புதுக் கார்டு.”

“கார்டு புதுசுதான். உள்ள பணம் இல்லை. ஏற்கெனவே எடுத்திருக்காங்க போல.” மெஷின்காரர் கருவியைப் பைக்குள் வைத்தார். அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. அதுவே மூத்தவனுக்கு அவமானமாக இருந்தது. “முன்னாடியே சொல்லியிருந்தா நான் வெயில்ல இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்.”

மூத்தவன் போனை எடுத்தான். “விரலு!”

தம்பி வந்து வைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு நாளாக அழிக்காத மெசேஜ்கள் மூன்று இருந்தன. மூத்தவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். மூன்றிலும் ஆப், ஆப், ஆப் என்று இருந்தது. மூன்றும் அவள் கார்டிலிருந்து.

“ஆப் வாங்கியிருக்கு,” என்றான். “என் போன்ல. யாரு?”

தகரம் மட்டும் படபடத்தது.

“இந்தப் போனுக்கு எத்தனை விரல்டா?”

“ஒண்ணுண்ணே.”

“யாரோடது?”

“என்னுதுதான். ஆனா நீ வைக்கச் சொன்னப்பதான்…”

முதல் அறை காதோடு விழுந்தது. தம்பி சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அடியைவிட அண்ணன் அடித்தான் என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பார்த்தான்.

“அடிக்காதீங்க, விசாரிச்சுக்கலாம்,” என்றாள் அவள்.

“என்ன விசாரிக்கறது? என் கையில ரேகை இருக்கா? உன்னோடது போன்ல இருக்கா? இவன் ஒருத்தன்தானே?”

பொட்டலத்துக்கு வாய் சும்மா இருக்காது. காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னான். “அட, அவன் அப்படியெல்லாம் செய்யற ஆளு இல்ல. சாப்பாட்டு நேரத்துல என் போன்ல கார் கேம் ஆடுவான். அதுகூட சும்மா கேமு, காசு கிடையாது.”

“கேமா?” மூத்தவன் திரும்பினான். “கேம் ஆடறியாடா? எங்கிட்டச் சொல்லாம கேம் ஆடறியா?”

சக்கரத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயைப் பிடுங்கினான். மடித்து முறுக்கிப் பிடித்தான். முதுகில் விழுந்த முதல் அடிக்குச் சட்டை கிழிந்தது. அடுத்தது கழுத்தில். தம்பி கையால் தலையை மூடிக்கொண்டான். கையில் விழுந்தது. குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் ஒவ்வொரு வீச்சுக்கும் எல்லார் முகத்திலும் தெறித்தது. மெஷின்காரர் இரண்டடி பின்னால் போய், தன் சட்டையைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணே, நான் எடுக்கலண்ணே. சத்தியமா எடுக்கலண்ணே.”

“உன்னை ஆசிட்ல விட்டனா? சக்கரத்துல விட்டனா? பொத்திப் பொத்தி வச்சதுக்கு என் குடியில கை வச்சிட்டியேடா!”

அவள் கார்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒரு எண் இருந்தது. தன் பட்டன் போனில் அதை அழுத்தினாள். பாங்குக்காரர்கள் சொன்னால் இவன் கேட்பான், சண்டை நின்றுவிடும் என்று நினைத்தாள். இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும் என்றார்கள். அழுத்தினாள். கார்டின் பதினாறு எண்ணையும் அழுத்தச் சொன்னார்கள். அவசரத்தில் ஒரு எண் தப்பியது. மறுபடி முதலிலிருந்து. பிறகு பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். மறுபடி பாட்டு.

“ஏங்க, பாங்குக்குப் போட்டிருக்கேன். ரெண்டு நிமிஷம் பொறுங்க. அவங்களே சொல்லிடுவாங்க.”

“இவன் சொல்லட்டும்.”

தூணோரம் சாய்த்து வைத்திருந்த பலகைக் கல்லின் அடியில் மூத்தவன் கடப்பாரையைச் செருகி நெம்பினான். கல் இரண்டு விரற்கடை எழும்பியது. மறுகையால் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலைக் கல்லுக்கடியில் வைத்தான். தம்பி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் அதை அப்புறம் பல தடவை நினைத்தாள். முப்பது தடவை நீட்டுகிற கை, முப்பத்தோராவது தடவையும் நீண்டது.

“சொல்லு. என்ன வாங்கினே?”

“எனக்குத் தெரியாதுண்ணே.”

“விட்டுடுவேன்டா. சொல்லு.”

“ஏங்க!” என்றாள் அவள். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. போனைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். வைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து பதினாறு எண் அழுத்தவேண்டுமே என்று ஒரு நொடி நினைத்தாள். அந்த ஒரு நொடிதான்.

“தெரிஞ்சாத்தானேண்ணே சொல்லுவேன்.”

கடப்பாரை இறங்கியது. கை வழுக்கிவிட்டது என்று மூத்தவன் பிறகு சொன்னான். வழுக்கவில்லை. அவள் பார்த்தாள். கடப்பாரையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தான்.

தம்பி போட்ட சத்தத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் சக்கரம் நின்றது. பொட்டலம் ஓடிவந்து கல்லுக்குத் தோள் கொடுத்துத் தூக்கினான். கட்டைவிரல் நசுங்கித் தட்டையாகியிருந்தது. நகம் கல்லிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. சாம்பல் சேற்றில் ரத்தம் சிவப்பாகக்கூட இல்லை, கறுப்பாக இறங்கியது.

“காத்திருந்ததற்கு நன்றி,” என்றது போன். இளம்பெண் குரல். “நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?”

அவள் பிறந்த தேதி சொன்னாள். அம்மா பேர் சொன்னாள். தம்பி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பொட்டலம் தன் தலைத்துண்டை அவன் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“ஆப் வாங்கினதா வந்திருக்கு. யாரு, எது, எல்லாம் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, இங்க எல்லாரும் கேக்கணும்.” ஸ்பீக்கரில் போட்டாள்.

“சொல்றேம்மா. மொத்தம் அஞ்சு ஆப். எல்லாமே ஆரம்பத்துல மூணு நாள் இலவசம். அதுக்கப்புறம் நிறுத்தச் சொல்லலைன்னா வாராவாரம் தானா பணம் எடுப்பாங்க. ஆறு மாசமா எடுத்துட்டிருக்காங்க. முதல்ல ஒரு ஆப், மட்டம் பாக்கறது. தரை சரியா இருக்கான்னு போன வச்சுப் பாக்கறது.”

மூத்தவன் கீழே கிடந்த கடப்பாரையைப் பார்த்தபடியே நின்றான்.

“ரெண்டாவது, சமையலறை டிசைன். மூணாவது, கல்லு கலர் எல்லாம் போட்டோவில மாத்திக் காட்டறது. நாலாவது, டார்ச் லைட். அஞ்சாவது, போன்லயே அளவெடுக்கறது.”

“கேம் ஏதாவது இருக்குங்களா?”

“கேம் எதுவும் இல்லம்மா.”

மூத்தவன் மட்டம் பார்க்கிற ஆப்பை எல்லாரிடமும் காட்டிப் பெருமை அடித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அப்போது கல்லின்மேல் போனை வைத்து, “பாரு, சும்மா கிடைக்குது, நாம காசு போட்டு மட்டப் பலகை வாங்கறோம்,” என்றான். இலவசம் என்று பச்சையாக ஒரு பெட்டி வரும். அமுக்கினால் கீழே பொடி எழுத்தில் பத்து வரி வரும். அவன் அதைத் தள்ளிவிட்டு, “விரலு!” என்பான்.

“இந்தப் பணம் திரும்பக் கிடைக்குங்களா?” என்று அவள் கேட்டாள்.

“உங்க பக்கத்துல இருந்து கைரேகை வச்சு அனுமதி குடுத்திருக்கீங்கம்மா. புகார் எழுதிக் குடுங்க, ஆனா உறுதி சொல்ல முடியாது. கார்டை இப்போ முடக்கிடலாமா?”

“முடக்கிடுங்க.”

“ஏய்!” என்றான் மூத்தவன்.

“இப்பவே முடக்கிடுங்கம்மா.”

போனிலிருந்து, “போன்ல அந்த அஞ்சு ஆப்பையும் தனித்தனியா நிறுத்தவும் மறந்துடாதீங்க. ஆப்பை அழிச்சா மட்டும் போதாது,” என்று குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்க ஆள் இல்லை. மெஷின்காரர் வண்டி ஏறிப் போய்விட்டிருந்தார். மூத்தவன் தம்பியிடம் குனிந்தான். அழுதுவிடுவான் போல இருந்தது. ஆனால் வந்தது வேறு.

“வச்சது நீதானேடா? என்னன்னு பாத்து வைக்கறதுக்கென்ன? கண்ணு குருடா?”

தம்பிக்குக் குளிரில் அடிப்பதுபோலப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

கல் ஏற்றுகிற வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பொட்டலம் ஓட்டினான். அங்கே அவள் துவைத்து அனுப்புகிற வெள்ளைத் துணியைத்தான் தம்பிக்கு அடியில் விரித்தார்கள். டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் கணு போய்விடும் என்றார். “எப்படி ஆச்சு?”

தம்பி அண்ணியைப் பார்த்தான். “கல்லு விழுந்துடுச்சு,” என்றான்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். அவளும், “கல்லு விழுந்துடுச்சுங்க,” என்றாள். சொல்லிவிட்டு வெளியே வந்து குழாயில் வாயைக் கொப்பளித்தாள்.

வீடு இரண்டு அறை. முன் அறையில் தம்பி பாய். பின்னால் அடுப்பு. பொழுது சாய்கிற நேரத்தில் அவள் அரிசி களைந்து உலை வைத்தாள். தம்பி கட்டுப்போட்ட கையை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“ஓரம் பாக்கறதுக்கு இன்னொரு கை இருக்கு அண்ணி,” என்றான். “இடது கையில பழகிக்கலாம். கொஞ்ச நாள் ஆகும்.”

“பேசாம இரு.”

“அண்ணன் சாப்பிட்டிருக்காது.”

“பேசாம இருன்னு சொன்னேன்ல.”

மூத்தவன் வந்தான். கால் கழுவவில்லை. சேறு காய்ந்து முழங்கால்வரை வெள்ளையாக இருந்தது. தம்பி கையைப் பார்த்தான். பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தான்.

“மெஷினைப் பட்டறைக்காரன் வாங்கிட்டான். நாலு மணிக்கு. பணமா எண்ணி வச்சானாம்.”

அவள் உலையில் அரிசியைப் போட்டு மூடினாள்.

“வேற ஒரு மெஷின் இருக்கு. நாளைக்குள்ள முன்பணம் கட்டினா எடுத்துக்கலாம்.” போனை எடுத்தான். திரையைச் சட்டையில் துடைத்து, காய்ந்த விரலால் நம்பரை அழுத்தித் திறந்தான். “ஒரு ஆப் இருக்கு. கடன் குடுக்கறது. அரை மணி நேரத்துல ஏறிடும். பாங்குக்கெல்லாம் போக வேணாம். இவ சம்பளச் சீட்டு போட்டோ போட்டாச்சு.”

“எந்தச் சீட்டு?” என்றாள் அவள்.

“உன்னோடதுதான். எங்கிட்ட ஏது?”

“யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“வீட்டுக்காரிகிட்ட மனு குடுக்கணுமா? பொடி எழுத்தெல்லாம் இந்த வாட்டி படிச்சேன். முக்கால்வாசி படிச்சேன்.” தம்பியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். குரல் இறங்கியது. அவ்வளவு அன்பாக அவன் பேசி அவள் கேட்டு நாளாகியிருந்தது. “தம்பி, இடது கையைக் குடு. இடது கட்டைவிரலைப் பதிஞ்சிக்கலாம். உன்னைத் தவிர எனக்கு யாரு இருக்கா?”

தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு இடது கையைச் சட்டைக்குள் விட்டுத் துடைத்தான்.

“வைக்காதே,” என்றாள்.

“விடுங்க அண்ணி. வச்சுட்டுப் போறேன்.”

அவள் நாலே எட்டில் வந்தாள். போனை மூத்தவன் கையிலிருந்து பிடுங்கினாள். திரும்பி நடந்து, மூடியைத் தள்ளிவிட்டு, கொதிக்கிற உலைக்குள் போட்டாள். அரிசித் தண்ணீர் பொங்கி அடுப்பு அணைந்தது.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. அவள் வாயில் ரத்தம் ருசித்தது. கைக்கு அகப்பட்டது உலை மூடி. சூடான மூடி. அதை அவன் முகத்தில் அழுத்தினாள். அவன் அலறிக்கொண்டு விட்டான். விட்டவுடன் கரண்டிக் காம்பால் அவன் முட்டியில் அடித்தாள். மணிக்கட்டில் அடித்தாள். ஈரத் துணி மூட்டைகளைப் பத்து வருஷமாகத் தூக்கிய தோள். இரண்டு கையையும் நெஞ்சில் கொடுத்துத் தள்ளினாள். அவன் பாயில் கால் தடுக்கிக் கதவோரம் விழுந்தான்.

“அண்ணி!” என்றான் தம்பி.

“அவரை வெளியே தள்ளக் கை குடு. இல்லாட்டி ஒதுங்கு.”

தம்பி இரண்டும் செய்யவில்லை. எழுந்து நின்றான். அண்ணன் கதவு நிலையைப் பிடித்து எழ முயன்றபோது, இடது உள்ளங்கையை அண்ணன் தோளில் வைத்தான். பலமாகக்கூட அழுத்தவில்லை. “போண்ணே,” என்றான். “போயிடுண்ணே.”

மூத்தவன் அந்தக் கையைப் பார்த்தான். கன்னத்தில் மூடியின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. “என் வீடுடா,” என்றான். “நான் வளர்த்தவன்டா நீ.”

“தெரியும்ண்ணே. போ.”

அவன் கால் வாசல்படிக்கு அந்தப் பக்கம் இறங்குகிறவரை அவள் காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். அவன் வெளியிலிருந்து தள்ளினான். தம்பி தோளைக் கொடுத்துக் கதவைப் பிடித்துக்கொண்டான். அவள் மேல் தாழ்ப்பாளைப் போட்டாள், கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள். சாவியை உள்ளே விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினாள்.